கவர்னர் முகர்ந்து பார்த்த பொடி

1

கண்டிக்கு ரயில் வந்த நாள் இன்று. வருஷா வருஷம் இந்த நாளில் கொழும்பிலிருந்து வரும் இங்கிலீஷ் பேப்பர், ரயிலைக் கொண்டுவந்த பழைய கவர்னரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். இந்த வருஷம் அதோடு நிற்கவில்லை. இப்போதைய கவர்னர் இன்னும் சில வாரத்தில் பதவி முடிந்து கப்பலேறப் போகிறார் அல்லவா? அதனால் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்திருக்கிறார்கள். பழையவர் காலத்தில் கோப்பி செழித்தது, ரயில் வந்தது, கண்டித் தெருவில் காசு புரண்டது. இவர் காலத்தில் கோப்பி விழுந்தது, தோட்டங்கள் கைமாறின, வரி ஏறியது. ஆகவே அவர் மகா கெட்டிக்காரர், இவர் உதவாக்கரை. தீர்ந்தது வழக்கு.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, மை புட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் உங்களுக்கு இலங்கைக் கவர்னர் யாராயிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் உங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருத்தர் இந்த மலையில்தான் இருக்கிறார். அவர் அனுப்புகிற பணம் ஏன் குறைந்தது என்று நீங்கள் மூக்கால் அழுகிறீர்களே, அதன் கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்று. நான் ‘கோப்பி’ என்று எழுதினால் சிரிக்காதீர்கள். போன தடவை ஊருக்கு வந்தபோது ‘கதிரையை இழுத்துப் போடு’ என்று சொல்லிவிட்டு, நாற்காலி வருவதற்குள் என் மாமன் மக்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு மறக்கவில்லை. இங்கே கதிரை என்றால் கதிரை, கோப்பி என்றால் கோப்பி. என் வாய் இனிமேல் திரும்பாது.

2

நான் கண்டியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த இங்கிலீஷ் கையில் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் பேப்பரைத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வழக்கம். சம்பளம் வாங்கிக்கொண்டு தோட்டங்களிலிருந்து சனம் கடைத்தெருவுக்கு இறங்குகிற நாள் அது. துணி வாங்க வருகிறவர்கள் பாதி, செய்தி கேட்க வருகிறவர்கள் பாதி. செய்தி கேட்க வருகிறவர்களும் கடைசியில் ஒரு முழம் துணியாவது வாங்காமல் போவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தவறாமல் வருகிறவர் காதர் நானா. இங்கே பிறந்து வளர்ந்த முஸ்லிம். நானா என்றால் அண்ணன். கம்பளையில் கோப்பி காயவைத்துப் புடைக்கிற பெரிய ஸ்டோர் அவருக்கு இருக்கிறது. பழைய கவர்னர் என்றால் அவருக்கு உயிர். மாட்டு வண்டியில் கோப்பி மூட்டையை ஏற்றிக் கடுகண்ணாவைக் கணவாயில் மாடும் வண்டியுமாக உருண்ட காலத்தைப் பார்த்தவர். ரயில் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆகவே நானா அந்தக் கவர்னர் பக்ஷம் இருப்பதில் நியாயம் உண்டு. நானும் மறுப்பதில்லை. அந்த மனிதர் ரோடு போட்டார், பாலம் கட்டினார், ரயில் கொண்டுவந்தார். ஆனால் லண்டனில் அப்போது கோப்பிக்கு இருந்த விலையையும் அவரா கொண்டுவந்தார்? வானம் பெய்ததும் அவராலா?

பேப்பரைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். அதன் கணக்கே தனி. பழையவர் காலத்தில் ஒரு பாலம் இடிந்தால் மகாவலியில் வெள்ளம் என்று எழுதும். இவர் காலத்தில் ஒரு மதில் சரிந்தால் கவர்னருக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று எழுதும். அதை நடத்துகிறவர்களுக்குத் தோட்டங்களில் பங்கு. இவர் தோட்டத்துச் சனத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், அதற்குத் தோட்டக்காரர்கள் ஒரு சின்ன வரி கொடுக்க வேண்டும் என்று சொன்னார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

இவரைப் புகழ்கிற பேப்பரும் ஒன்று இருக்கிறது. அது வேறு ரகம். கவர்ன்மெண்டு அச்சு வேலை அதற்குத்தான் போகிறது. அதனால் கவர்னர் தும்மினாலும் அழகாகத் தும்மினார் என்று எழுதும். இரண்டையும் வாங்கி, இரண்டிலும் பாதியைத் தள்ளி, மிச்சத்தைத்தான் நான் வாசலில் வாசிப்பேன். நானாவுக்கு அதுவும் பிடிக்காது. “நீ தள்ளின பாதியிலதான் தம்பி விஷயம் ஈக்குது” என்பார். இருக்கிறது என்பது அவர் வாயில் ஈக்குது.

அந்த நாளில் ஒரு விஷயம் மட்டும் இரண்டு பேப்பரிலும் வராது. கோப்பி இலைக்குப் பின்னால் காவி நிறத்தில் பொடி படர்ந்து, இலை உதிர்ந்து, மரம் குச்சியாக நின்றதே, அந்த நோய். தோட்டத்தில் வேலை செய்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எழுதினால் தோட்டங்களின் விலை விழுந்துவிடும், இங்கிலீஷ்காரர் சீமையிலிருந்து புதிதாக எவனும் வாங்க வரமாட்டான். அதனால், விளைச்சல் குறைந்ததற்கு வரியும், கூலிகளின் சோம்பேறித்தனமும் காரணம் என்று அடித்து விட்டார்கள். கூலிகள் என்றால் யார்? நாம்தான். அதை வாசலில் நின்று சனத்துக்கு முன்னால் எப்படி வாசிப்பேன்? முழுங்கிவிடுவேன்.

3

இப்போதைய கவர்னர் பதவிக்கு வந்த புதிதில் முதல் தடவையாகக் கண்டிக்கு வந்தார். அப்போது நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கவர்னர் வந்தால் ஸ்டேஷனிலிருந்து வழி நெடுகிலும் ஒவ்வொரு ஜாதியாரும் ஒரு வரவேற்பு வளைவு கட்டுவார்கள். தோட்டத் துரைமார் ஒன்று, சிங்களப் பிரபுக்கள் ஒன்று, முஸ்லிம் வியாபாரிகள் ஒன்று. நமக்கு மட்டும் இல்லை. இந்த மலையில் பாதையை வெட்டினது நம் ஆட்கள், தண்டவாளத்துக்குக் கல் உடைத்தது நம் ஆட்கள், கோப்பி பறிக்கிறது நம் ஆட்கள். வளைவு மட்டும் கிடையாதா? எனக்கு அவமானமாக இருந்தது.

அனுமதி கேட்டுக் கவர்ன்மெண்டு கச்சேரிக்கு நடந்தேன். பெரிய கிளார்க்கு இல்லை, நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் போனால் அவர் இருந்தார், முத்திரை இல்லை. முத்திரை வந்த அன்றைக்கு, எந்த ஜாதியார் வளைவு என்று கேட்டார். தமிழர் என்றேன். அப்படி ஒரு ஜாதி தன் புஸ்தகத்தில் இல்லை, ‘மலபார்’ என்றுதான் இருக்கிறது என்றார். ஐயா, எனக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது, நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். கடைசியில் மலபார் வளைவு என்றே அனுமதி கிடைத்தது. இடமும் கொடுத்தார்கள், குளத்துப் பக்கம் திரும்புகிற முனையில், எல்லார் வளைவுக்கும் பின்னால். போகட்டும், கடைசியாகப் பார்ப்பதுதானே மனசில் நிற்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வளைவுக்கு எல்லாம் செய்தவர் கருப்பையா கங்காணி. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில் அவர் கீழே ஏராளமான ஆட்கள். எல்லாரும் திருச்சிச் சீமையிலிருந்து அவரே கூட்டிவந்த சொந்த பந்தம். காதில் கல் கடுக்கன், வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை. மழை பெய்தாலும் அந்தக் குடையை விரிக்கமாட்டார், சாயம் போய்விடும் என்று. அவ்வளவு தோரணை. வளைவைப் பற்றிச் சொன்னதும், “நம்ம வளைவப் பாத்துட்டு மத்தவன் வளைவப் பிரிச்சிடணும் முதலாளி” என்றார்.

நம் ஊர் முறை உங்களுக்குத் தெரியும். குலை தள்ளின வாழை, தென்னங்குருத்து, இளநீர்க் குலை, பாக்குக் குலை. மண்ணில் என்ன விளைகிறதோ அதைத் தூக்கிப் பந்தலில் கட்டுவதுதான் மரியாதை. நெல் விளைகிற ஊரில் நெற்கதிர் கட்டுகிறோம். கரும்பு விளைகிற ஊரில் கரும்பு கட்டுகிறோம். இந்த மலையில் விளைகிறது கோப்பி. ஆகவே கோப்பிக் கொப்புகளையும் கட்டுவது என்று முடிவாயிற்று. ஒருத்தருக்கும், எனக்கும்தான், அதில் ஒரு யோசனையும் ஓடவில்லை. பந்தல் என்றால் விளைச்சல், அவ்வளவுதான் எங்கள் புத்தி.

கங்காணி தோட்டம் முழுக்கத் தேடி, சிவக்கச் சிவக்கப் பழம் பிடித்த கொப்புகளாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். இலைகளை ஈரத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள் அவர் கூட்டத்துப் பெண்கள். மேல் பக்கத்தை மட்டும்.

4

கவர்னர் வந்தார். வண்டி ஒவ்வொரு வளைவாக நின்று வந்தது. துரைமார் வளைவில் இங்கிலீஷில் பெரிய பெரிய எழுத்து, சிங்களப் பிரபுக்கள் வளைவில் யானை. எங்கள் வளைவுக்கு வந்ததும் மேளமும் நாகசுரமும் கிளம்பின பாருங்கள், குதிரையே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. என் மனைவி செல்லம்மாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். நான் மாலையோடு நின்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போயிற்று, வேறு எப்படிச் சொல்வது?

கவர்னர் இறங்கி, மாலையை வாங்கிக்கொண்டு வளைவுக்குக் கீழே நடந்தார். உயரமான மனிதர். தொப்பி ஒரு கொப்பில் இடித்தது. இடித்ததும் மேலே இருந்து பொலபொலவென்று காவிப் பொடி கொட்டிற்று. வெள்ளைக் கோட்டுத் தோளில், கையில், மாலையில் எல்லாம்.

மேளம் நின்றுவிட்டது. கவர்னர் தோளைப் பார்த்தார், மேலே பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் துரைமார் சங்கத்துத் துரை ஒருவர் பாய்ந்து வந்தார். சிரித்துக்கொண்டே, இது மஞ்சள் பொடி, இந்தச் சனங்கள் மங்களத்துக்காகத் தூவுவது, மேன்மை தங்கியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். என்ன சாமர்த்தியம் பாருங்கள். நம் வழக்கத்தை வைத்தே ஒரு பொய். கவர்னர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

ஆமாம் மஞ்சள்தான் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. மாலை, மரியாதை, வீடு. இல்லை, கோப்பி நோய் என்றால்? கொப்பு எந்தத் தோட்டத்தது என்று அந்தக் கூட்டத்தில் இருந்த துரைமாருக்கெல்லாம் தெரியும். கருப்பையா கங்காணியின் துரை அங்கேயே, பத்தடி தூரத்தில், முகம் சிவந்து நிற்கிறார். தோட்டத்தின் மானத்தைச் சந்தியில் வாங்கினவன் என்று கங்காணியை மட்டுமல்ல, அவர் ஆட்கள் அத்தனை பேரையும் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு விரட்டுவார். துண்டும் கொடுக்கமாட்டார். இந்த ஆளை நான் விட்டுவிட்டேன், இனி வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டுதான் துண்டு. அது இல்லாத கங்காணிக்கு இந்த மலையில் எந்தக் கதவும் திறக்காது. குஞ்சு குளுவானோடு திரும்பவும் மன்னார்க் காட்டு வழியே நடக்க வேண்டியதுதான். அந்த வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

நான் கங்காணியைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. மெதுவாக என்னிடம் கேட்டார், துரை என்ன சொல்கிறார் என்று. மஞ்சள் என்று சொல்கிறார் என்றேன்.

குடையைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

“கோப்பி எலைன்னு சொல்லுங்க முதலாளி. எங்க தோட்டம்னும் சொல்லுங்க. இன்னிக்கி மஞ்சள்னு சொல்லிப்புட்டா, நாளைக்கு விளைச்சல் இல்லாம போறதுக்கு நாங்க சோம்பேறிங்கன்னுதான எழுதுவாங்க? எங்க பொம்பளைங்க மழையில நின்னு பறிக்கிற கை, அது சோம்பேறிக் கையில்ல.”

அவர் குரல் உயரவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல், நான் படித்த இங்கிலீஷை எல்லாம் கூட்டிச் சொல்லிவிட்டேன். சங்கத்துத் துரை மறுபடியும் மஞ்சள் என்றார். இப்போது சிரிப்பு இல்லை. அந்த நேரம் பார்த்து, செல்லம்மாள், யாரும் கேட்காமலே, ஆரத்தித் தட்டில் வைத்திருந்த மஞ்சள் பொடிக் கிண்ணத்தை எடுத்து நேரே கவர்னர் முன்னால் நீட்டிவிட்டாள். வீட்டு உரலில் இடித்த மஞ்சள்.

கவர்னர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு தன் தோளில் இருந்ததை விரலால் தொட்டு அதையும் முகர்ந்து பார்த்தார். இரண்டு தடவை முகர்ந்தார். பிறகு ஒரு கொப்பைத் தானே ஒடித்து, இலையைத் திருப்பிப் பார்த்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். போகும்போது செல்லம்மாளுக்குத் தொப்பியைத் தொட்டார். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுகிற தோரணையே வேறு. கவர்னரே மரியாதை கொடுத்தார், உமக்கென்ன என்று ஆரம்பித்துவிடுவாள்.

5

மறுநாள் பேப்பரில் எங்கள் வளைவு வந்தது. ‘மலபார்க் கூலிகளின் துடுக்கு’ என்று போட்டு, கருப்பையா என்கிற கங்காணி மேன்மை தங்கிய கவர்னர் மீது வேண்டுமென்றே குப்பையைக் கொட்டினான், பழைய கவர்னர் காலத்தில் இப்படி நடக்குமா என்று கேட்டிருந்தார்கள். கொட்டினது என்ன குப்பை என்று ஒரு வரி இல்லை.

நான் பயந்தது அப்படியே நடந்தது. அந்த வாரமே கங்காணியும் அவர் ஆட்களும் சட்டி பானையோடு என் கடை வாசலில் வந்து நின்றார்கள். துண்டு இல்லை. கங்காணி கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். கவர்னர் ஏதாவது செய்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் செடி சாஸ்திரம் படித்த துரை ஒருவரைத் தோட்டம் தோட்டமாக அனுப்பினார், நோய் இருக்கிறது என்று முதல் தடவையாகக் கவர்ன்மெண்டு வாயால் சொன்னார். நாட்டுக்கு அது பெரிய காரியம். ஆனால் கங்காணியைப் பற்றி அவருக்கு நினைப்பு வரவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், நான் ஒன்றும் அச்சு வேலை வாங்குகிற பேப்பர் இல்லையே.

இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? பழைய கவர்னரின் பரம பக்தர் காதர் நானா. விளைச்சல் இல்லாமல் கம்பளை ஸ்டோர் காலியாகத்தான் கிடக்கிறது, எல்லாரும் வந்து படுங்கள் என்று வண்டி பிடித்துக் கூட்டிப்போனார். அரிசியும் அவர்தான் போட்டார். “கவர்னர் விஷயத்துல நீ சொல்றது பிழை, அது வேற” என்று எனக்கு ஒரு கொட்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். நாவலப்பிட்டிக்கு மேலே தோட்டம் வைத்திருந்த ஒரு இளவயதுத் துரை, கையில் கசங்கின பேப்பரோடு கம்பளைக்கு வந்து ஸ்டோர் வாசலில் நின்றார். நான் அன்று அங்கே இருந்தேன், நல்ல வேளை. பேப்பரில் திட்டியிருக்கிற அந்தக் கருப்பையா இங்கேதான் இருக்கிறானா என்று கேட்டார். கங்காணி எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம்.

துரை சொன்னது இது. அவர் சீமையில் இருந்தபோது இதே பேப்பரைப் படித்துத்தான், கோப்பி நன்றாக இருக்கிறது என்று நம்பி, அப்பன் விட்டுப்போன சொத்தையெல்லாம் போட்டுத் தோட்டம் வாங்கினாராம். வந்து இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். இந்த நாட்டில் தன்னிடம் உண்மை சொன்னவன் ஒருத்தனும் இல்லை, கவர்னர் மேல் கொட்டின குப்பை என்ன என்று பேப்பர் எழுதாமலே தனக்குப் புரிந்ததாம், கவர்னரிடம் உண்மை சொன்ன ஒருத்தன் இருக்கிறான் என்று தேடி வந்தாராம். கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை போடப் போகிறார், ஆள் வேண்டும்.

கங்காணி தன்னிடம் துண்டு இல்லை என்பதை முதலிலேயே சொல்லச் சொன்னார். சொன்னேன். துரை அந்தக் கசங்கின பேப்பரைத் தட்டிக் காட்டி, இது போதும் என்றார்.

6

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. நாவலப்பிட்டி மலையில் தேயிலை நிமிர்ந்து நிற்கிறது. கோப்பி இருந்த இடத்தில் குச்சிகூட இல்லை. என் மகள் தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது எக, தெக, துன என்று சிங்களத்தில்தான் எண்ணுகிறாள். போன வாரம் ‘நம்ம ஊர்’ என்று ஆரம்பித்தாள். ஆசையாகக் காது கொடுத்தேன். பார்த்தால் கண்டியைச் சொல்கிறாள். கொஞ்சம் உறைத்தது. ஆனால் அந்த முனையில் வளைவு நின்ற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ‘அம்மா கவர்னருக்கு மஞ்சள் குடுத்த இடம்’ என்று கூட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். சொல்லட்டும், அவளுக்கு இதுதான் ஊர், இங்கேயும் நமக்குப் பெருமைப்பட ஒரு இடம் இருக்கிறது.

இதுவரை எழுதி நிறுத்தின நேரத்தில், சாயங்காலம் கருப்பையா கங்காணி ரயிலில் வந்து இறங்கினார். கோட்டு புதிது, குடை அதே குடை. கப்பலேறுகிற கவர்னருக்கு வழியனுப்பு வளைவு கட்ட வேண்டுமே, அதற்குத் தேயிலைக் கொப்பு வெட்டி வருவதைப் பற்றிப் பேசத்தான் வந்தார். கச்சேரியில் அனுமதி வாங்கிவிட்டேன். இப்போதும் மலபார் வளைவுதான். இடம் மட்டும் ஸ்டேஷன் வாசலுக்கே வந்திருக்கிறது.

காதர் நானாவும் இருந்தார். பேப்பரை இரண்டு பேருக்கும் வாசித்தேன், இந்தத் தடவை ஒன்றையும் முழுங்காமல். நானா கேட்டுவிட்டு, ரயில் கொண்டுவந்தது பொய்யா என்றார். பொய்யில்லை நானா, அவர் ரயிலைக் கொண்டுவந்தார், இவர் பொடியை முகர்ந்து பார்த்தார், இரண்டும் இந்த நாட்டுக்கு வேண்டியிருந்தது என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, இதை முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் சண்டை மிச்சமாகியிருக்குமே என்றார்.

கடைசியில், இவ்வளவு நல்லது செய்த மனிதரைப் போகிற நேரத்தில் இப்படித் திட்டுகிறார்களே என்று நான்தான் வயிறெரிந்து சொன்னேன்.

கங்காணி பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

“கவலய விடுங்க முதலாளி. பேப்பர்க்காரன் திட்டிட்டான்ல? கவர்னர் துரைக்கும் துண்டு கிடைச்சிருச்சு.”